மரவள்ளியைக் காத்த குளவி: ஆப்பிரிக்காவில் பன்னாட்டு ஆய்வுக் கூட்டுமுயற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் 2022 மார்ச் 7 அன்று மரவள்ளி வயலில், பயிரை நாசமாக்கும் மாவுப்பூச்சியை ஒழிக்க, ஒரு சின்னக் குளவியைப் பறக்கவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது அது. அந்தச் செய்திக்குப் பிறகு, விவசாயிகளிடமோ வேளாண் கல்லூரிப் பிள்ளைகளிடமோ பேசப் போனால், "ஆப்பிரிக்காவிலிருந்தா? அங்கே ஆராய்ச்சியெல்லாம் நடக்குதா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கிறார். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பஞ்சம், போர், நோய் தவிர அந்தக் கண்டத்தைப் பற்றி நம் காதில் விழுவது குறைவு. ஆனால் அந்தக் குளவிக்குப் பின்னால் 40 ஆண்டு உழைப்பு இருக்கிறது. பல நாட்டவர் சேர்ந்து செய்தது, ஆப்பிரிக்க மண்ணில் வேரூன்றியது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பன்னாட்டு ஆய்வு நிறுவனம் என்றால் அது யாருடையது? அரசா, கம்பெனியா, தொண்டு நிறுவனமா?

மூன்றிலும் சேராது. நைஜீரியாவின் இபாதான் நகரில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக ஐ.ஐ.டி.ஏ. என்பார்கள். 1967இல் தொடங்கியது. நிலம் கொடுத்தது நைஜீரிய அரசு. ஆரம்பப் பணம் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளிடமிருந்து வந்தது. 1971இல் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு நிதி திரட்டித் தர சி.ஜி.ஐ.ஏ.ஆர். என்ற கூட்டமைப்பு உருவானது. ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட்டும் அதே குடும்பம்தான். அதற்கு ஆப்பிரிக்காவிலும் நிலையங்கள் உண்டு.

எந்த ஒரு நாட்டு அரசுத் துறையின் கீழும் இவை வராது. லாபத்துக்கும் நடப்பதில்லை. கண்டுபிடித்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் நாடுகள் கையை இறுக்கினால் வேலை நின்றுவிடும் என்பதுதான் பெரிய பலவீனம்.

கென்யாவின் நைரோபியில் இருக்கும் இசிப்பே என்ற பூச்சியியல் மையத்தின் கதை கொஞ்சம் வேறு. அதை 1970இல் நிறுவியவர் தாமஸ் ஒதியம்போ என்ற கென்யப் பூச்சியியல் அறிஞர். ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளிநாடு போய்த்தான் ஆளாக வேண்டும் என்ற நிலை மாறி, அங்கேயே உலகத்தரமான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கனவு.

மரவள்ளி அங்கே அவ்வளவு முக்கியமா?

நமக்கு மரவள்ளி என்றால் சிப்ஸ், ஜவ்வரிசி, மழைநாளில் அவித்த கிழங்கு. தருமபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு, குமரியில் மரச்சீனி. அங்கே அதுதான் சோறு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பயிர், ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவாகிவிட்டது. நைஜீரியாவிலும் கானாவிலும் கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து "கரி" என்ற ரவை மாதிரி ஒன்று செய்கிறார்கள். ஐவரி கோஸ்ட்டில் "அத்தியேக்கே". காங்கோவில் மாவை இலையில் பொதிந்து அவிக்கும் "சிக்வாங்". இந்தப் புளிக்கவைப்பும் பிழிதலும் ருசிக்காக மட்டும் செய்வதில்லை. கசப்பு மரவள்ளியில் இருக்கும் சயனைடை வெளியேற்றும் வழி அது. பஞ்சத்தில் அந்த வேலையைச் சரியாகச் செய்யாமல் சாப்பிட்டால் கால் செயலிழந்துபோகும் கொன்சோ என்ற நோய் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காங்கோ, சியரா லியோன், லைபீரியா போன்ற நாடுகளில் கொழுந்து இலையை இடித்துக் கீரையாகச் சமைக்கிறார்கள். மழை பொய்த்தாலும் மண்ணுக்குள் கிழங்கு காத்திருக்கும், வேண்டியபோது பிடுங்கிக்கொள்ளலாம். ஏழை வீட்டின் சேமிப்புக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாவுப்பூச்சி எப்படி வந்தது?

1973 வாக்கில் காங்கோ ஆற்றின் இரு கரையிலும், கின்ஷாசா, பிராசாவில் பகுதியில், மரவள்ளிக் கொழுந்துகள் வெள்ளை மாவு அப்பியதுபோல் சுருண்டு போயின. அதுவரை யாரும் பெயரிடாத பூச்சி. 1977இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் டானியேல் மத்தீல்-ஃபெரேரோ அதை விவரித்துப் பெயர் வைத்தார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த கரணைகளோடு, அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டுகளோடு, ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பூச்சி வந்தது, அதைத் தின்னும் எதிரி ஊரிலேயே தங்கிவிட்டது. இந்த இனத்தில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண் பூச்சி போதும், சில நூறு முட்டையிட்டுவிடும். கோடையில் கட்டுக்கடங்காமல் பெருகும். பத்தாண்டுக்குள் மேற்கே செனகல் வரை நாடு நாடாகப் பரவியது. தாக்கிய இடங்களில் விளைச்சலில் முக்கால்வாசிக்கு மேல் போன வயல்கள் உண்டு. இலையும் போனதால் கீரையும் இல்லை, அடுத்த பட்டத்துக்கு நடக் கரணையும் இல்லை.

மருந்து அடித்திருக்கலாமே?

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஏக்கரில் வீட்டுக்கு மட்டும் பயிர் செய்கிற பெண்ணிடம் தெளிப்பானும் இல்லை, மருந்து வாங்கக் காசும் இல்லை. இருந்தாலும் பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு, அதுவும் சுருண்ட கொழுந்துக்குள் பதுங்கியிருக்கிறது. மருந்து எட்டாது. எட்டினாலும் அதே இலையை அன்று மாலை குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். இதையெல்லாம் தாண்டி, மருந்து முதலில் கொல்வது நன்மை செய்யும் பூச்சிகளைத்தான்.

இதைத் தீர்த்தவர் ஹான்ஸ் ஹெரன் என்ற ஒருவர்தானே? உலக உணவுப் பரிசுகூட வாங்கினாரே?

1995இல் வாங்கினார், தகுதியான பரிசுதான். சுவிட்சர்லாந்துக்காரர். 1979இல் 31 வயதில் இபாதானுக்கு வந்து, பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கே போய் அதன் எதிரியைத் தேட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். ஆனால் கதையை ஒருவரோடு முடித்தால் பாதி உண்மைதான் தெரியும்.

தேடல் முதலில் தவறான தடத்தில் போனது. தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அப்படியே இருந்தது. அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவே இல்லை. உற்றுப் பார்த்தபோது அதில் ஆண் பூச்சிகள் இருந்தன. வேறு இனம்! அதற்கு ஹெரன் பேரையே வைத்தார்கள். தேடிப் போனது கிடைக்காமல் தன் பேரில் ஒரு பூச்சி மட்டும் கிடைத்த நாட்களில் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1981இல்தான் விடை வந்தது. கொலம்பியாவில் உள்ள சியாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த டோனி பெல்லாட்டி, பராகுவேயில் உண்மையான பூச்சியைக் கண்டார். அங்கே அது ஒரு தொல்லையே இல்லை, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏனென்றால் அதன் எதிரிகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்று அனாகைரஸ் லோபெஸி என்ற குளவி. பொதுநலவாய உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் அதைச் சேகரித்தார்கள். நேராக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பவில்லை. லண்டனில் தனிமைப்படுத்தி, கூடவே வேறு எதுவும் தொற்றி வரவில்லை என்று உறுதி செய்த பிறகே இபாதானுக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குளவிகள் நைஜீரிய வயலில் பறந்தன.

கண்டது பராகுவேயில், கண்டவர் கொலம்பிய நிறுவனத்தில், சோதித்தது லண்டனில், வளர்த்தது நைஜீரியாவில். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்தக் குளவி வந்து சேர்ந்திருக்காது.

அந்தக் குளவி என்னதான் செய்கிறது?

நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், மனிதரை அது சட்டைகூடச் செய்யாது. பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடி ஒரு வாசனை விடுகிறது, அதை மோப்பம் பிடித்து வந்து இறங்குகிறது. உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டித் தட்டிப் பார்க்கும், கடையில் முருங்கைக்காயைத் தட்டிப் பார்ப்போமே அப்படி. பெரிய பூச்சியாக இருந்தால் பெண் குளவியாகப் போகும் முட்டையை உள்ளே இடும். சின்னதாக இருந்தால் ஆண் முட்டை. ரொம்பச் சின்னதைக் குத்திக் கசியும் சாற்றைக் குடித்துவிடும். முட்டை பொரிந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்து தின்னும். பூச்சி உப்பி, மாவு உதிர்ந்து, பழுப்பு நிறக் கூடாக இறுகிவிடும். மூன்று வாரத்துக்குள் கூட்டில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும்.

குளவியால்தான் பூச்சி குறைந்தது, மழையால் இல்லை என்று எப்படித் தெரியும்? இதை ஒரு விவசாயியே என்னிடம் கேட்டார், நல்ல கேள்வி. ஆய்வாளர்கள் சில கொழுந்துகளைத் துணிப்பையால் மூடிக் குளவி நுழையாமல் செய்தார்கள். பக்கத்துக் கொழுந்தில் அதே பையைத் திறந்து விட்டார்கள். மூடிய பைக்குள் பூச்சி பல மடங்கு பெருகியது, திறந்ததில் அடங்கியிருந்தது. ஒரே செடி, ஒரே மழை.

பணம் யார் கொடுத்தது? திரும்ப என்ன கிடைத்தது?

ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியமும் பல நாடுகளின் உதவி நிறுவனங்களும் கொடுத்தன. 1988இல் ரிச்சர்ட் நோர்கார்ட் என்ற பொருளியலாளர் கணக்குப் பார்த்து, போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்றார். விவசாயி ஒரு காசும் கொடுக்கவில்லை. பலருக்குக் குளவி வந்ததே தெரியாது.

காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருளை எந்தக் கம்பெனியும் செய்யாது. ஒரு முறை விட்டால் தானே பெருகிப் பக்கத்து நாட்டுக்குப் பறந்துவிடும் குளவியை யார் பாட்டிலில் அடைத்து விற்பது? பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த மரவள்ளிக் கதையைத்தான்.

இதில் ஆப்பிரிக்கர்களின் பங்கு என்ன? வெள்ளைக்காரர்கள் வந்து காப்பாற்றிவிட்டுப் போனார்கள் என்பதுதானே கதை?

கதையை அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள் என்பது உண்மை. பரிசுகளும் பத்திரிகைப் படங்களும் ஒரே மாதிரி முகங்களைத்தான் காட்டின. வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். குளவி 25க்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைபெற்றது. ஒவ்வொரு நாட்டிலும் அரசு அனுமதி வாங்க வேண்டும், எந்த மாவட்டத்தில் எப்போது விடுவது என்று தெரிய வேண்டும், விட்ட பிறகு வயல் வயலாக ஏறி இறங்கிக் கொழுந்துகளை எண்ண வேண்டும். விமானத்திலிருந்துகூடக் குளவிகளை விட்டார்கள், ஆனால் விமானம் எண்ணிக்கை எடுக்காது. அந்த வேலையைச் செய்தவர்கள் அந்தந்த நாட்டு வேளாண் துறை ஊழியர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பலர் பிறகு தங்கள் நாட்டில் உயிரியல் கட்டுப்பாட்டுப் பிரிவுகளை நடத்தினார்கள்.

1988இல் பெனினின் கோத்தனூ பக்கத்தில் இதற்கென்றே ஒரு மையம் எழுந்தது. இந்தக் கூட்டுமுயற்சியின் மிகப் பெரிய சொத்து அதுதான் என்பது என் எண்ணம். குளவி இனம் சாகாமல் காத்து வந்தது அங்கேதான். அடுத்து மரவள்ளிப் பச்சைச் சிலந்திப்பேன் வந்தபோது, பிரேசிலிலிருந்து அதன் எதிரியைக் கொண்டுவந்து 1993இல் விட்டதும் அங்கிருந்துதான். திட்டம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

எல்லா இடத்திலும் வெற்றிதானா?

இல்லை. சத்தற்ற மணல் நிலத்தில், மூடாக்கும் இல்லாத வயல்களில், செடியே நலிந்து கிடப்பதால் மாவுப்பூச்சி பெரிதாக வளர்வதில்லை. பூச்சி சின்னதாக இருந்தால் குளவிக்கு ஆண் குஞ்சுதான் அதிகம், பெருக்கம் குறையும். அங்கே மூடாக்குப் போட்டு மண்ணைத் தேற்றச் சொல்ல வேண்டியிருந்தது. மரவள்ளித் தேமல் நோய்க்கும் இந்தக் குளவிக்கும் சம்பந்தமே இல்லை, அது தனிப் போராட்டம்.

பராகுவேக்கு என்ன கிடைத்தது?

ஒரு மாணவி கேட்டாள். அதுவரை எனக்கே தோன்றாத கேள்வி. பணமாக எதுவும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. 1981இல் யாரும் அப்படி யோசிக்கவில்லை. பூச்சிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று இலவசமாகக் கொடுத்து வாங்குவது வழக்கமாக இருந்தது.

இப்போது விதிகள் வேறு. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைப்படி, ஒரு நாட்டின் உயிரினத்தை எடுத்தால் அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும், பலனில் பங்கு பேசிக்கொள்ள வேண்டும். எதிரிப் பூச்சியை இன்னொரு நாட்டில் விடுவதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்பதற்கு 1995 முதல் உலகளாவிய தரவிதியும் இருக்கிறது. இரண்டும் நியாயமானவை. ஒரு கவலையும் உண்டு: லாபமில்லாமல் ஏழை நாடுகள் தங்களுக்குள் பூச்சி பரிமாறிக்கொள்வதும் மருந்துக் கம்பெனி மூலிகையைக் காப்புரிமை எடுப்பதும் ஒரே காகிதக் கட்டில் சிக்கிக்கொள்ளக் கூடாது. கொள்ளைநோய்போல் பரவும் பூச்சி கையெழுத்துக்காகக் காத்திருக்காது.

எல்லாப் பன்னாட்டு ஆய்வும் இவ்வளவு நல்லதா? மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்கிறார்களே?

உண்மைதான். வெளிநாட்டார் வந்து, ரத்தமோ மண்ணோ தகவலோ எடுத்துக்கொண்டு போய், தங்கள் ஊரில் ஆய்ந்து, தங்கள் பேரில் கட்டுரை போடுவதை அங்கே 'ஹெலிகாப்டர் ஆய்வு' என்பார்கள். இறங்கும், அள்ளும், பறக்கும்.

இதன் இரு பக்கத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். காங்கோவைச் சேர்ந்த ழான்-ழாக் முயெம்பே. 1976இல் யாம்புக்கு என்ற ஊரில் இனம் தெரியாத காய்ச்சலில் ஆட்கள் செத்தபோது, முதலில் அங்கே போன ஆய்வாளர் இவர். கையுறைகூட இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்து அவர் விரல்களை நனைத்தது. நோய் கண்ட ஒரு கன்னியாஸ்திரியைக் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அவரது ரத்தம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போனது. எபோலா வைரஸ் வெளிச்சத்துக்கு வந்தது அந்த மாதிரி வழியாகத்தான். பல ஆண்டுகள் 'எபோலாவைக் கண்டுபிடித்தவர்கள்' என்ற பட்டியலில் முயெம்பேயின் பேர் பெரும்பாலும் இல்லை.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1995இல் கிக்விட்டில் எபோலா வந்தபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை 8 நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார், 7 பேர் பிழைத்தார்கள். அறிவியல் உலகம் நம்பவில்லை. பின்னாளில் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து, முயெம்பேயின் நிறுவனமும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு நோயெதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தன. 2018 நவம்பரில் கிழக்குக் காங்கோவில், போரின் நடுவே, நான்கு மருந்துகளை ஒப்பிடும் சோதனை தொடங்கியது. 681 நோயாளிகள். 2019 ஆகஸ்டில் இரண்டு மருந்துகள் தெளிவாக முந்தியதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தி, அந்த இரண்டையே எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதில் ஒன்று அந்தக் கிக்விட் ரத்தத்திலிருந்து வந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. எபோலா மாதிரிகள் இனிமேல் காங்கோவிலேயே வைத்து ஆயப்படும் என்ற முடிவையும் முயெம்பே எடுத்தார். ஆண்ட்வெர்ப்புக்குக் குப்பியை அனுப்பிவிட்டுக் காத்திருந்த இளைஞர், நாற்பது ஆண்டு கழித்து வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சமமாக உட்கார்ந்து முடிவெடுத்தார். இதை எழுதும்போதே மனம் நிறைகிறது.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி, எங்களை ஆய்வு செய்ய வருபவர்கள் இதை ஏற்க வேண்டும் என்று சொன்னார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி நடத்தல் என்று ஐந்து தலைப்புகள். அவர்களின் மரபணுவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான் அதில் இருக்கின்றன.

அந்த நாட்டு அரசுகளே ஏன் செலவு செய்யக் கூடாது?

செய்ய வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து முடிவெடுத்து வெகு காலமாகிறது. பெரும்பாலான நாடுகள் எட்டவில்லை. நாம் விரல் நீட்டும் முன்: 2020-21இல் இந்தியா செலவிட்டது 0.64 சதவீதம்.

அரசுப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எதை ஆராய்வது என்பதைப் பணம் கொடுப்பவர் முடிவு செய்வார். மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர் வேறு வேலை தேடுவார்.

இந்தியர்கள் யாராவது இதில் உண்டா?

உண்டு. இசிப்பேயில் வேலை பார்த்த ஜியாவுர் கான் இந்தியாவில் பிறந்தவர். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ம்பிட்டா நிலையத்தில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிறுவனத்தோடு சேர்ந்து, மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானுக்கு ஒரு வழி கண்டார். வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். கொடியின் வாசனை அந்துப்பூச்சியை விரட்டும், புல்லின் வாசனை இழுக்கும். எதிர்பாராத பலன் ஒன்றும் கிடைத்தது: அந்தக் கொடியின் வேர்ச்சாறு சுடுமல்லிக் களையை ஒடுக்கியது. கொடியும் புல்லும் மாட்டுக்குத் தீவனம். தள்ளு-இழு முறை என்று இன்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

அப்புறம், நம் ஊர் மாமரத்து மாவுப்பூச்சி 1980களில் டோகோ, கானா, பெனின் பக்கம் போய் மாமரங்களைப் பாழாக்கியது. அதன் எதிரிக் குளவி இந்தியாவிலிருந்து போய், 1987இல் டோகோவில் விடப்பட்டது. மரங்கள் மீண்டும் காய்த்தன.

சேலத்துக்கு அந்தக் குளவி எப்படி வந்து சேர்ந்தது?

மரவள்ளி மாவுப்பூச்சி 2008இல் தாய்லாந்தில் நுழைந்தது. அடுத்த ஆண்டே பெனினிலிருந்து குளவி போனது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் பூச்சி தென்பட்டது, பிறகு தமிழகத்துக்குள் வந்தது. அந்த நாட்களில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றேன். குடை மாதிரி விரிந்திருக்க வேண்டிய செடிகள், நுனி முடிச்சு விழுந்து, கணுக்கள் குறுகி, குள்ளமாக நின்றன. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று வெள்ளை. "கெழங்கு கட்டவே இல்லீங்க" என்று தோட்டக்காரர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேர் பென்சில் தடிமன்தான் இருந்தது.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஐ.ஐ.டி.ஏ.வின் பெனின் நிலையத்திடம் கேட்டு வாங்கி, தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டது. பராகுவேயில் கிளம்பி, லண்டன், இபாதான், கோத்தனூ, பெங்களூரு வழியாகச் சேலம். 1987இல் நாம் கொடுத்தோம், 2022இல் வாங்கிக்கொண்டோம்.

என் தோட்டத்தில் குளவி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுருண்ட கொழுந்தை மெல்லப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே மாவு இல்லாமல், உப்பிய பழுப்பு நிறக் கூடுகள் இருந்தால், அதில் ஊசி முனையளவு வட்ட ஓட்டை தெரிந்தால், குளவி வந்துவிட்டது. அப்போது மருந்து அடிக்காதீர்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளி எரிக்கவும் வேண்டாம். செடியில் எறும்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள், எறும்பு இனிப்புச் சாற்றுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். கூடுகளே இல்லையென்றால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் சொல்லிக் குளவி கேளுங்கள். அடுத்த நடவுக்குக் கரணை எடுக்கும்போது பூச்சியில்லாத செடியில் மட்டும் எடுங்கள். ஆப்பிரிக்காவுக்குள் அது நுழைந்ததும் கரணை வழியாகத்தான்.